ஒற்றைப் பீஸ் சேலைக்கு எந்த ஷாப்பிங் கார்ட், எந்த பேமெண்ட் கேட்வே?

சேலைக்கட்டு:

வணக்கம். சின்னாளப்பட்டியில் சுங்குடி, காட்டன் சேலைக் கடை. இப்போதைக்கு இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, வாட்ஸ்அப்பில் கியூஆர் அனுப்பி, ஸ்கிரீன்ஷாட் வாங்கிக்கொண்டு விற்கிறோம். நாளுக்கு ஐந்து ஆர்டர் பக்கம் வருகிறது, சராசரி 900 ரூபாய். சரக்கு ஒரு 150 டிசைன் இருக்கும். பாதிக்கு மேல் ஒரே ஒரு பீஸ்தான். மிச்சம் மூன்று நான்கு கலரில் இரண்டிரண்டு.

சொந்தமாக வெப்சைட் போடலாம் என்று முடிவு. ஒரு ஏஜென்சி ஷாப்பிஃபை (மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் ஆன்லைன் கடை மென்பொருள்) போடு என்கிறது, இன்னொன்று வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தில் சேர்க்கும் கடை மென்பொருள்) என்கிறது. இரண்டு பேரும் டிசைனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு:

1. ஒரே சேலையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாங்கினால் என்ன ஆகும்?
2. கேட்வே (வாடிக்கையாளர் கட்டும் பணத்தை வாங்கி நம் வங்கிக்கு அனுப்பும் சேவை), கமிஷன் எல்லாம் சேர்த்து உண்மையில் எவ்வளவு போகும்?
3. கேஷ் ஆன் டெலிவரி (சிஓடி) வைக்கலாமா, கூடாதா?
4. சிங்கப்பூர், மலேசியாவில் இருந்தும் கேட்கிறார்கள். அதற்கு வழி?

ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. கோடிங் தெரியாது, ஆனால் சொன்னால் செட்டிங்கை மாற்றத் தெரியும்.

கேஷ்_கிளியர்:

முதல் கேள்விதான் சரியான கேள்வி. ஒற்றைப் பீஸ் சரக்குக்கு கார்ட்டை, அதாவது கடை மென்பொருளை, தேர்ந்தெடுக்கும் அளவுகோலே அதுதான்.

இந்த இரண்டு கார்ட்டிலும், கூடையில் போட்ட உடனே சரக்கு பூட்டப்படுவதில்லை. பத்துப் பேர் ஒரே சேலையைக் கூடையில் வைத்திருக்கலாம். ஆர்டர் உருவாகிப் பணம் கட்டும் கட்டத்தில்தான் போட்டி. வூகாமர்ஸில் 'பிளேஸ் ஆர்டர்' அழுத்தியதும் ஆர்டர் 'பெண்டிங் பேமெண்ட்' நிலையில் உருவாகிறது, அந்த பீஸ் தற்காலிகமாக ஒதுக்கப்படுகிறது. எவ்வளவு நேரம் என்பதை நீங்கள் வைக்கலாம்: செட்டிங்ஸ், புராடக்ட்ஸ், இன்வென்டரி, 'ஹோல்ட் ஸ்டாக்'. அப்படியே விட்டால் 60 நிமிடம். அதற்குள் பணம் வராவிட்டால் ஆர்டர் கேன்சல் ஆகி, சேலை மறுபடி கடைக்கு வந்துவிடும். ஷாப்பிஃபையில் இந்த நேரத்தை உங்கள் விருப்பத்துக்கு மாற்ற இடம் இல்லை. அது தன் போக்கில் பார்த்துக்கொள்ளும்.

60 நிமிடம் உங்களுக்கு அதிகம். பணம் கட்டாமல் போனவருக்காக ஒரு மணி நேரம் சேலை 'அவுட் ஆஃப் ஸ்டாக்' என்று நிற்கும், அதுவும் இன்ஸ்டாவில் படம் போட்ட சூட்டில். ஆனால் 10 நிமிடமாகக் குறைத்தால் வேறு சிக்கல். யுபிஐயில் சில பணம் தாமதமாகத்தான் உறுதியாகும்: வாடிக்கையாளர் வங்கியில் கழிந்திருக்கும், கேட்வேக்கு 'பெண்டிங்' என்றே காட்டும், கால் மணி நேரம் கழித்து 'சக்சஸ்' வரும். அதற்குள் ஆர்டர் கேன்சல் ஆகி, சேலையை இன்னொருவர் வாங்கியிருப்பார். வூகாமர்ஸ் கேன்சல் ஆன ஆர்டருக்கும் பணத்தை ஏற்றுக்கொண்டு 'பிராசஸிங்' ஆக்கிவிடும். ஸ்டாக் மைனஸ் 1 என்று நிற்கும். ஒரு சேலை, இரண்டு சொந்தக்காரர்கள்.

தீர்வு இரண்டு நேரங்களையும் சேர்த்து வைப்பதில் இருக்கிறது. ரேஸர்பே போன்ற கேட்வேயில் பணம் முதலில் 'ஆத்தரைஸ்டு' (வங்கி ஒப்புக்கொண்டது), பிறகு 'கேப்சர்டு' (உங்களுக்கு என்று எடுத்துக்கொண்டது) என இரண்டு படி. டாஷ்போர்டில் பேமெண்ட் கேப்சர் செட்டிங்கில், இத்தனை நிமிடத்துக்குள் உறுதியானால் மட்டும் தானாகக் கேப்சர் செய், தாண்டினால் திருப்பி அனுப்பு என்று வைக்கலாம். அங்கே 15 நிமிடம், வூகாமர்ஸ் ஹோல்ட் ஸ்டாக்கில் 30 நிமிடம். கேட்வேயின் நேரம் எப்போதும் சின்னதாக இருக்க வேண்டும். தாமதமாக வந்த பணம் தானே திரும்பிவிடும், இரண்டாம் சொந்தக்காரர் உருவாக மாட்டார்.

இதற்கு இன்னொரு முடிச்சு உண்டு. கேன்சல் செய்யும் வேலையை வேர்ட்பிரஸ்ஸின் உள் டைமர் செய்கிறது. தளத்துக்கு யாராவது வந்தால்தான் அது ஓடும். நடுமதியம் ஆளே வராத நேரத்தில் 30 நிமிடம் என்பது இரண்டு மணி நேரம் ஆகலாம். ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சி-பேனலில் உண்மையான கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் சர்வரே ஓட்டும் வேலை) ஒன்றை 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வைத்து, உள் டைமரை அணைக்கச் சொல்லுங்கள். எந்த ஏஜென்சிக்கும் ஐந்து நிமிட வேலை, கேட்காவிட்டால் செய்யமாட்டார்கள்.

இனி எது என்ற கேள்வி. உங்கள் அளவில் மாதம் 150 ஆர்டர், 1,35,000 ரூபாய் விற்பனை. ஷாப்பிஃபை பேசிக் திட்டம் மாதம் மாதமாகக் கட்டினால் இரண்டாயிரம் பக்கம். அதன் சொந்த பேமெண்ட் சேவை இந்தியாவில் இல்லாததால் வெளி கேட்வே வைத்தாக வேண்டும், அப்படி வைத்தால் பேசிக்கில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2 சதவீதம் தனியாக எடுக்கும். கேட்வே எடுப்பது வேறு, இது வேறு. எல்லாமே முன்பணம் என்று வைத்தால் 2,700. ஆக மாதம் 4,700, வருடத்துக்கு 56,000 சொச்சம். சிஓடி ஆர்டருக்கு இந்த 2 சதவீதம் கிடையாது. வூகாமர்ஸ் இலவசம், ஹோஸ்டிங், டொமைன் சேர்த்து வருடம் ஐந்தாறாயிரம். ஆனால் அப்டேட், பேக்கப், ஹேக் ஆனால் சுத்தம் செய்வது எல்லாம் உங்கள் தலையில்.

மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள், வருடக் கூலி பேசி, கிடைப்பார் என்றால் வூகாமர்ஸ். அப்படி யாருமே இல்லை என்றால் 56,000 கொடுத்து ஷாப்பிஃபையில் நிம்மதியாக இருங்கள். பராமரிப்பில்லாத வூகாமர்ஸ், ஷாப்பிஃபையை விடச் செலவு வைக்கும்.

வரவு_செலவு:

இரண்டாவது கேள்விக்கு.

கேட்வேக்காரர்கள் பட்டியலில் போடுவது 2 சதவீதம். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 2.36. 900 ரூபாய்ச் சேலைக்கு 21 ரூபாய் 24 காசு. மாதம் 1,35,000-க்கு 3,186. இதில் ஜிஎஸ்டி பங்கு 486 ரூபாயை, நீங்கள் காம்பசிஷனில் (சிறு வணிகருக்கான எளிய ஜிஎஸ்டி திட்டம்) இல்லாமல் ரெகுலரில் இருந்தால், உள்ளீட்டு வரியாக, அதாவது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். அதற்கு கேட்வே புரொஃபைலில் உங்கள் ஜிஎஸ்டி எண் ஏறியிருக்க வேண்டும். ஏற்ற மறந்தவர்கள் நிறைய.

இப்போது பேரம். யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் பூஜ்யம். அதாவது வங்கி வாங்கும் கமிஷன் இல்லை. கேட்வே வாங்குவது தன் சேவைக்கான கட்டணம், அதனால் அது பேசி மாற்றக்கூடியது. உங்கள் வாட்ஸ்அப் வரவைப் பாருங்கள், 900 ரூபாய்ச் சேலைக்கு ஏறக்குறைய எல்லாரும் யுபிஐதான் போட்டிருப்பார்கள். எனவே சேல்ஸ்காரரிடம் 'மொத்தமாக எவ்வளவு' என்று கேட்காதீர்கள். யுபிஐ எவ்வளவு, டெபிட் கார்டு எவ்வளவு, கிரெடிட் கார்டு, நெட் பேங்கிங், இஎம்ஐ எவ்வளவு எனத் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். யுபிஐயை ஒரு சதவீதத்துக்குக் கீழே தருகிறவரிடம், கிரெடிட் கார்டு கால் சதவீதம் கூடினாலும் உங்களுக்கு லாபம்தான். யுபிஐயில் ரூபே கிரெடிட் கார்டை இணைத்துக் கட்டினால் அதற்குக் கட்டணம் வேறு; அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணம், செட்டப் கட்டணம் கேட்கிற இடத்தில் நின்று யோசிக்கவும், உங்கள் அளவுக்குத் தேவையில்லை.

ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ, பேயு, சிசிஅவென்யூ, ஃபோன்பே எதுவானாலும் வேலை ஒன்றுதான். உங்கள் கார்ட்டுக்கு அவர்களே எழுதிப் பராமரிக்கிற பிளக்-இன் (கார்ட்டோடு சேர்க்கும் துணை மென்பொருள்) இருக்கிறதா, கடைசி அப்டேட் எப்போது, ரீஃபண்டை கார்ட்டுக்குள் இருந்தே போட முடிகிறதா என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கால் சதவீத வித்தியாசத்தை விட இது முக்கியம்.

கேட்வே கணக்கு நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, பான், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி மூன்றிலும் பெயர் ஒத்துப்போகாதது. கடைப் பெயரில் ஜிஎஸ்டி, சொந்தப் பெயரில் சேமிப்புக் கணக்கு என்றால் நின்றுவிடும். கடைப் பெயரில் நடப்புக் கணக்கு திறந்துவிடுங்கள். இரண்டு, தளத்தில் பக்கங்கள் இல்லாதது: தொடர்பு முகவரி, விதிமுறைகள், தனியுரிமை, திருப்புதல், டெலிவரி எத்தனை நாள். ஐந்தும் மெனுவிலோ அடிப்பகுதியிலோ சொடுக்கினால் திறக்க வேண்டும். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் ஏறக்குறைய இதையே கேட்கின்றன: சட்டப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் பெயரும் தொடர்பும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. சின்னக் கடையில் குறைதீர் அலுவலர் நீங்களேதான். பரவாயில்லை, பெயரைப் போடுங்கள்.

வூகாமர்ஸில் வரி அட்டவணையை நீங்களே போடலாம். சேலைக்கு 5 சதவீதம்: மாநிலத்துக்குள் விற்றால் மத்திய (சிஜிஎஸ்டி), மாநில (எஸ்ஜிஎஸ்டி) வரியாகப் பாதிப் பாதி, வெளிமாநிலத்துக்கு முழுவதும் ஐஜிஎஸ்டி. நாட்டுக் குறியீடு இந்தியா, மாநிலம் தமிழ்நாடு, 2.5, பெயர் சிஜிஎஸ்டி, பிரையாரிட்டி 1. அதே மாநிலம், 2.5, எஸ்ஜிஎஸ்டி, பிரையாரிட்டி 2. அடுத்த வரிசையில் இந்தியா, மாநிலம் காலி, 5, ஐஜிஎஸ்டி, பிரையாரிட்டி 1. ஒரு பிரையாரிட்டிக்கு ஒரு விகிதம்தான் பொருந்தும், தமிழ்நாட்டு வரிசை முந்திக்கொள்ளும் என்பதால் மூன்றும் ஒன்றாக விழாது. தமிழ்நாட்டு வரிசை இரண்டுக்கும் பிரையாரிட்டி 1 என்று போட்டால் எஸ்ஜிஎஸ்டி காணாமல் போகும்; இங்கேதான் பலர் மாட்டுவது. 'விலையில் வரி அடங்கியது' என்று டிக் செய்து, வரிக் கணக்கு ஷிப்பிங் முகவரியை வைத்து என்று தேர்வு செய்யுங்கள். ஓசூர்க்காரர் பெங்களூருவுக்கு அனுப்பச் சொன்னால் அது ஐஜிஎஸ்டி.

இன்வாய்ஸ் எண்ணுக்கு ஆர்டர் எண்ணைப் பயன்படுத்த வேண்டாம். அது விட்டுவிட்டுப் போகும், கேன்சல் ஆனதும் ஒரு எண்ணைத் தின்னும். தொடர் எண், 16 எழுத்துக்குள், என்பது ஜிஎஸ்டி விதி. இன்வாய்ஸுக்குத் தனி பிளக்-இன் போடுங்கள்.

வங்கிக்கு வருகிற தொகை கமிஷன் கழித்தது, பொதுவாக இரண்டு வேலைநாள் கழித்து, பல ஆர்டர்கள் சேர்ந்து ஒரே வரவாக வரும். அதை விற்பனை என்று எழுதினால் ஜிஎஸ்டி தாக்கலில் விற்பனை குறைந்து காட்டும். ஆர்டரின் முழுத் தொகை விற்பனை; 21.24 செலவு. செட்டில்மெண்ட் ரிப்போர்ட்டை மாதாமாதம் இறக்கி ஆடிட்டருக்குக் கொடுத்துவிடுங்கள்.

பார்சல்_அண்ணாச்சி:

சிஓடி பத்தி நான் சொல்றேன் தம்பி.

சிஓடி வைக்கலேன்னா புது ஊர்க்காரங்க ஆர்டர் குறையும், வச்சா திரும்பி வர்ற பார்சல் கூடும். ரெண்டும் உண்மை. கணக்கு இப்படிப் போடணும். போக ஒரு சார்ஜ், சிஓடி சார்ஜ் தனி, வாங்க மாட்டேன்னு சொல்லித் திரும்பி வந்தா திரும்பி வர்றதுக்கும் சார்ஜ். 900 ரூவா சேலையில உன் லாபம் 200-னு வை. போக வர 150 ஆச்சுன்னா, ஒரு பார்சல் திரும்பினா முக்கால் சேலை லாபம் போச்சு. அதோட ஒத்தைப் பீஸ் பத்து பன்னெண்டு நாள் ரோட்டுல சுத்திட்டு மடிப்பு கசங்கி வரும். அந்த பன்னெண்டு நாள்ல அதை வேற யாருக்கும் விக்க முடியாது. இதைத்தான் யாரும் கணக்குல சேக்கறதில்ல.

அதனால ஒத்தைப் பீஸுக்கு சிஓடி வேண்டாம். ரெண்டு மூணு பீஸ் இருக்கற டிசைனுக்கு மட்டும் வை. பின்கோடு வச்சுக் கட்டுப்படுத்தற பிளக்-இன் இருக்கு, அதிகமா திரும்பற பின்கோடை மூடிரு. இன்னொரு வழி, 100 ரூவா முன்பணம் ஆன்லைன்ல, மீதி வாசல்ல. நூறு ரூவா கட்டுனவன் பார்சலை வேண்டாம்னு சொல்றது அபூர்வம்.

சிஓடிக்கு 50 ரூவா கூடுதல்னு வச்சா, சேலைப் பக்கத்துலேயே அதை எழுதிப்புடு. கடைசிப் பக்கத்துல திடீர்னு ஏத்துனா 2023 நவம்பர்ல வந்த டார்க் பேட்டர்ன் (வாங்கறவங்களை ஏமாத்தற மாதிரி தளத்தை அமைக்கறது) வழிகாட்டுதல்படி அது தப்பு. 'ஃபால்ஸ் பிக்கோ வேணுமா'ங்கறதை நீயே டிக் பண்ணி வைக்கறதும் தப்பு.

இப்ப எடை. கூரியர் 500 கிராம் 500 கிராமா ஸ்லாப் வச்சிருப்பான். சுங்குடிச் சேலை ஜாக்கெட் துணியோட 450, 500 வரும். அட்டைப் பெட்டியில போட்டா 500 தாண்டி அடுத்த ஸ்லாப். அதனால சேலையை பாலிதீன்ல சுத்தி, கூரியர் பைக்குள்ள போட்டு, தராசுல வச்சுப் பாத்து முடிவு பண்ணு. பெட்டிதான் வேணும்னா அளவு பாரு: நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுத்தா வால்யூமெட்ரிக் எடை, அதாவது பெட்டி அடைக்கற இடத்தை வச்சுப் போடற எடை. 35, 25, 6 பெட்டின்னா 5250, வகுத்தா 1.05 கிலோ. உள்ள அரைக்கிலோ சேலை இருந்தாலும் ஒரு கிலோவுக்கு மேல பில் வரும். கூரியர்காரன் எடை கூட்டிப் போட்டான்னு சண்டை போடறதுக்கு, தராசுல பார்சலை வச்சு லேபிள் தெரியற மாதிரி ஒரு படம் எடுத்து வை. அது இல்லாம பேச முடியாது.

கார்ட்டுல ஒவ்வொரு சேலைக்கும் எடையைக் கிலோவுல போடு, 0.5-னு. கிராம்னு நினைச்சு 500-னு போட்டவங்களுக்கு ஷிப்பிங் ரேட் ஆயிரக்கணக்குல காட்டும், வாடிக்கையாளர் ஓடிருவாங்க.

கிராமத்துப் பின்கோடுக்கு ஸ்பீட் போஸ்ட்டை மறக்காத. கூரியர் போகாத இடத்துக்கு அதுதான் போகும்.

ஒத்தவரி:

மாற்றுக் கருத்து. நாளுக்கு ஐந்து ஆர்டருக்கு இவ்வளவு எதற்கு? கேட்வே கணக்கு மட்டும் திறந்து, வாட்ஸ்அப்பில் பேமெண்ட் லிங்க் அனுப்புங்கள். லிங்க்குக்குக் காலாவதி நேரம் வைக்கலாம், ஒரு சேலைக்கு ஒரு லிங்க்தான் போகும். இரட்டை விற்பனையே வராது. ஸ்கிரீன்ஷாட் ஏமாற்றும் தீர்ந்தது. கார்ட் அடுத்த வருடம் பார்க்கலாம்.

கேஷ்_கிளியர்:

நாளுக்கு ஐந்து வரை ஒத்தவரி சொல்வது சரி, நானும் மறுக்கவில்லை. ஆனால் கேட்வே கணக்குக்குப் பெரும்பாலும் கொள்கைப் பக்கங்களைக் கேட்பார்கள், ஆகவே தளம் ஒன்று இருப்பது நல்லது. பண்டிகை மாதத்தில் நாளுக்கு முப்பது என்று வந்தால் லிங்க் அனுப்பவே ஓர் ஆள் வேண்டும். தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே கார்ட்டுக்கு மாறிவிடுவது நல்லது. அந்த வாரத்தில் மாறுவது தற்கொலை.

அதுவரை ஒன்று: ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் செய்வதற்கே ஆப் இருக்கிறது. யுபிஐ பரிவர்த்தனைக்கு 12 இலக்க எண் உண்டு. அதை வாங்கி, உங்கள் வங்கி வரவில் அதே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கட்ட வேண்டும்.

சேலைக்கட்டு:

எல்லாருக்கும் நன்றி. ஒத்தைப் பீஸுக்கு சிஓடி இல்லை என்று முடிவு செய்துவிட்டோம். வூகாமர்ஸ் போட்டு டெஸ்ட் மோடில் ஓட்டிப் பார்க்கிறோம். நான்கு சந்தேகம்.

செக்அவுட்டில் (பணம் கட்டும் பக்கத்தில்) கேட்வே தெரியவே இல்லை, 'பேமெண்ட் முறை எதுவும் இல்லை' என்கிறது. பிளக்-இன் ஆன் ஆகித்தான் இருக்கிறது. செக்அவுட் பக்கத்தைப் பழைய வகைக்கு மாற்றிய பிறகு தெரிகிறது, ஆனால் இன்ஸ்டாவில் இருந்து லிங்க்கைத் திறந்து ஜிபே அழுத்தினால் ஆப் திறப்பதில்லை. கடைசியாக, கட்டிவிட்டு பிரவுசரை மூடினால் ஆர்டர் பெண்டிங்கிலேயே நிற்கிறது. அதோடு ஏஜென்சி கேட்வே லாகின், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் கேட்கிறது, கொடுக்கலாமா?

கேஷ்_கிளியர்:

லாகினில் இருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் அவசரம். கொடுக்கக் கூடாது. தளத்தை கேட்வேயோடு இணைக்கும் ரகசியக் குறியீடுகள் டெஸ்ட் கீ (ஒத்திகைக்கு), லைவ் கீ (உண்மைப் பணத்துக்கு) என இரண்டு ஜோடி உண்டு. ஏஜென்சிக்கு டெஸ்ட் கீ மட்டும். லைவ் கீயை வேலை முடிந்த நாள் நீங்களே உருவாக்கி நீங்களே பிளக்-இன்னில் ஒட்டுங்கள். டொமைனும் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்க வேண்டும். ஏஜென்சி பெயரில் வாங்கியிருந்தால் மிச்சப் பணம் கொடுப்பதற்கு முன் மாற்றச் சொல்லுங்கள்.

கேட்வே தெரியாதது: வூகாமர்ஸ் 8.3-ல் இருந்து புதிதாகப் போட்டால் பிளாக் வகை என்ற புது செக்அவுட்தான் வரும். அதற்கு ஏற்ப எழுதாத பிளக்-இன் அதில் காட்டாது. பழைய வகைக்கு மாற்றியது சரி. சிஓடி கட்டணம், பின்கோடு கட்டுப்பாடு போன்ற சின்ன பிளக்-இன்களும் பல இன்னும் பழைய வகையை நம்பித்தான் இருக்கின்றன, அதனால் அப்படியே விடுங்கள்.

இன்ஸ்டா சிக்கல்: லிங்க் இன்ஸ்டாவின் உள் பிரவுசரில் திறக்கிறது. அங்கிருந்து வேறு ஆப்பைத் திறக்க விடாமல் போகலாம். முழுத் தீர்வு உங்கள் கையில் இல்லை. மேலே ஒரு பட்டை போட்டு, 'மூன்று புள்ளியை அழுத்தி குரோமில் திறக்கவும்' என்று உள் பிரவுசர்க்காரர்களுக்கு மட்டும் காட்டலாம். கியூஆர் காட்டும் முறையையும் ஆன் செய்து வையுங்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து யுபிஐ ஆப்பில் கேலரியில் இருந்து திறந்து கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெண்டிங்கில் நிற்பது: இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பணம் கட்டியவர் திரும்பி உங்கள் தளத்துக்கு வந்தால்தான் ஆர்டர் மாறும் என்ற நிலையில் இப்போது இருக்கிறீர்கள். அவர் வராவிட்டாலும் கேட்வே நேரடியாக உங்கள் சர்வருக்குச் சொல்ல வேண்டும், அதுதான் வெப்ஹூக். டாஷ்போர்டில் வெப்ஹூக் பகுதியில், பிளக்-இன் காட்டும் முகவரியை அப்படியே ஒட்டி, ரகசியச் சொல்லை இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்து, பணம் கேப்சர் ஆனது, தோற்றது, ரீஃபண்ட் ஆனது ஆகிய நிகழ்வுகளை டிக் செய்யுங்கள். டெஸ்டுக்கும் லைவுக்கும் வெப்ஹூக் தனித்தனி. லைவுக்கு மாறும் நாளில் இதை மறந்துதான் பலர் முதல் வாரம் தவிப்பது.

வெப்ஹூக் வைத்தும் வரவில்லை என்றால் மூன்று இடம் பாருங்கள். முகவரி டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இல்லாமல் கொடுத்து, தளம் அதோடு சேர்த்த முகவரிக்குத் திருப்பிவிடுகிறதா? திருப்பிவிட்டால் செய்தி போய்ச் சேராது. கடைசி முகவரியையே கொடுங்கள். செக்யூரிட்டி பிளக்-இன்னோ, கிளவுட்ஃபிளேர் போன்ற பாதுகாப்புச் சேவையோ தடுக்கிறதா? 'விரைவில் வருகிறோம்' பக்கம் ஆன் ஆகி இருக்கிறதா? டாஷ்போர்டில் ஒவ்வொரு முயற்சிக்கும் சர்வர் என்ன பதில் சொன்னது என்று எண் இருக்கும். 200 என்றால் சேர்ந்தது, 301 திருப்பிவிடப்பட்டது, 403 தடுக்கப்பட்டது.

கூடவே கேச் பிளக்-இன் (பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டுவது) போட்டிருந்தால் கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்று பக்கத்தையும் அதில் இருந்து விலக்குங்கள். இல்லாவிட்டால் ஒருவர் கூடை இன்னொருவருக்குத் தெரியும்.

லைவ் போகும் முன் இதையெல்லாம் செய்து பாருங்கள்: இரண்டு போனில் ஒரே ஒற்றைப் பீஸை ஒரே நேரத்தில் வாங்குங்கள். கட்டிய உடன் பிரவுசரை மூடுங்கள். கட்டாமல் விட்டு, 30 நிமிடத்தில் சேலை திரும்பிக் கடைக்கு வருகிறதா பாருங்கள். பிறகு லைவில் 1 ரூபாய்க்கு ஒரு மறைவான பொருள் போட்டு உண்மையாகக் கட்டி, ரீஃபண்டும் போடுங்கள்.

ரீஃபண்ட் போடும்போது இரண்டு பொத்தான் வரும். ஒன்றில் கேட்வே பெயர் இருக்கும், மற்றது 'மேனுவல்'. மேனுவலை அழுத்தினால் கணக்கில் மட்டும் ரீஃபண்ட் என்று பதியும், வாடிக்கையாளருக்குப் பணம் போகாது. அதே இடத்தில் 'ரீஸ்டாக்' டிக் தானாகவே இருக்கும். கறையோடு திரும்பி வந்த சேலைக்கு அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதே சேலை மறுபடி விற்பனைக்கு வந்து நிற்கும்.

வரவு_செலவு:

ரீஃபண்ட் போட்டாலும் கேட்வே கமிஷன் பொதுவாகத் திரும்பாது. 21.24 போனது போனதுதான். திருப்புதல் கொள்கை எழுதும்போது நினைவில் வையுங்கள்.

பணம் கழிந்து ஆர்டர் வரவில்லை என்று வாடிக்கையாளர் சண்டை பிடித்தால் பதறி உங்கள் கையில் இருந்து அனுப்பிவிடாதீர்கள். முதலில் கேட்வேயில் அந்த 12 இலக்க எண்ணைத் தேடுங்கள். இல்லை என்றால் பணம் உங்களிடம் வரவே இல்லை. ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, கடைக்கு உறுதி வராத யுபிஐ பணம் பரிவர்த்தனை நாளில் இருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை அப்படியே ஒரு பதிலாக எழுதி வைத்துக்கொண்டு அனுப்புங்கள். நீங்களும் அனுப்பி, வங்கியும் திருப்பினால் இரண்டு தடவை போகும்.

சிங்கப்பூர், மலேசியா: இது ஏற்றுமதி. ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்) வாங்க வேண்டும், அந்த எண் உங்கள் பான் எண்ணேதான். ஜிஎஸ்டி தளத்தில் எல்யுடி என்ற உறுதிமொழிப் பத்திரம் போட்டால் ஐஜிஎஸ்டி கட்டாமல் அனுப்பலாம். நிதியாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டு கார்டு ஏற்பது கேட்வேயில் தனி அனுமதி, முதலில் மூடியே இருக்கும். உள்நாட்டை விடக் கட்டணம் கூட. பேபால் 2021 ஏப்ரலில் இருந்து இந்தியாவுக்குள் பணம் வாங்குவதை நிறுத்திவிட்டது, வெளிநாட்டு வரவுக்கு மட்டும் இன்னும் உதவும். மாற்று விகிதத்தில் ஒரு பங்கு போகும் என்பதால் வெளிநாட்டு விலையை அதற்கேற்ப வையுங்கள். பார்சலுக்கு, தபால் துறையின் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திரா வழியாக ஏற்றுமதிப் பத்திரத்தை ஆன்லைனில் போட்டு அனுப்பலாம். திண்டுக்கல் தலைமை அஞ்சலகத்தில் விசாரியுங்கள்.

முதல் மூன்று மாதம் வெளிநாட்டைத் தளத்தில் திறக்காமல், கேட்பவர்களுக்கு மட்டும் கையால் பில் போட்டு அனுப்புவது உத்தமம். வூகாமர்ஸ் செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில் விற்கும் நாடு 'இந்தியா மட்டும்' என்று வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மலேசியாக்காரர் உள்ளூர் ஷிப்பிங் கட்டணத்தில் ஆர்டர் போட்டுவிடுவார்.

பார்சல்_அண்ணாச்சி:

வெளிநாட்டுப் பார்சலுக்கு ஒண்ணு. மதிப்பைக் குறைச்சு எழுதச் சொல்லிக் கேப்பாங்க, அங்க வரி வராதுன்னு. எழுதாத. பார்சல் தொலைஞ்சா எழுதின மதிப்புக்குத்தான் பேச முடியும், வந்த பணத்துக்கும் பத்திரத்துக்கும் ஒத்துப்போகலேன்னா பேங்க்ல கேள்வி வேற.

சேலைக்கட்டு:

வெப்ஹூக் 301தான் காட்டியது. முகவரியை மாற்றியதும் 200 வந்துவிட்டது. கேப்சர் 15, ஹோல்ட் 30 வைத்தாயிற்று. கிரான் ஜாப் போட ஏஜென்சியிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு போன் டெஸ்ட் நாளை.